பாட்டியின் பால் சோறும் சம்பளப் பேச்சும்: லத்தீனா மார்க்கெட்டிங் தலைவிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் மக்களுக்கென்று ஒரு தனி விளம்பரத் தொழில் இருக்கிறது. அதைக் கட்டி எழுப்பியதில் லத்தீன் அமெரிக்கப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மார்க்கெட்டிங் படிக்கும் பெண்களிடம் இவர்களைப் பற்றிப் பேசப் போனால் அதே சில கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் சென்னையில் பல வருஷம் விளம்பர வாசகம் எழுதியவள். எழுதியவள் என்பது கூட மரியாதைக்குத்தான். இந்தியிலோ ஆங்கிலத்திலோ யோசித்து, படமும் எடுத்து முடித்த விளம்பரத்துக்குத் தமிழில் வாயசைப்பு கொடுப்பதுதான் பாதி வேலை. அதனால் சில பதில்களில் என் சொந்த எரிச்சலும் கலந்திருக்கும்.

லத்தீனா என்றால் யார்? ஹிஸ்பானிக் என்பதும் அதுவும் ஒன்றா?

லத்தீன் அமெரிக்க வேர் கொண்ட பெண் லத்தீனா, ஆண் லத்தீனோ. ஹிஸ்பானிக் என்பது ஸ்பானிய மொழியை வைத்து வந்த பெயர். பிரேசில் நாட்டுப் பெண் லத்தீனா, ஆனால் ஹிஸ்பானிக் இல்லை. அவர் பேசுவது போர்ச்சுகீசியம். ஸ்பெயினிலிருந்து வந்தவர் ஹிஸ்பானிக், ஆனால் லத்தீனா இல்லை. அரசுக் கணக்கில் இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் நாடு முழுக்க எல்லோரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். 2020 கணக்கில் இவர்கள் 6.2 கோடிக்கும் மேல், மொத்த மக்கள்தொகையில் 18.7 சதவீதம்.

வீட்டுக்குள் பலரும் தங்களை ஹிஸ்பானிக் என்று சொல்லிக்கொள்வதில்லை. கியூபா, மெக்சிகோ, போர்த்தோ ரிக்கோ, கொலம்பியா என்று ஊர் பேர்தான் முதலில் வரும். வடக்கே போனால் நம் நாலு மாநிலத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'மதராசி' என்பார்களே, கொஞ்சம் அந்த மாதிரி.

எந்தப் பெண்களைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒருவரை மட்டும் சொன்னால் கதை முழுதாக வராது. 1968ல் நியூயார்க்கில், கியூபாவிலிருந்து வந்த அலீசியா கொனிலும் அவர் கணவர் ரஃபயேலும் தொடங்கிய கொனில் ஏஜென்சி, அமெரிக்காவில் ஹிஸ்பானிக் சந்தைக்கென்றே வந்த முதல் விளம்பர ஏஜென்சிகளில் ஒன்று. புரட்சிக்குப் பிறகு கியூபாவை விட்டு மயாமிக்கு வந்த தெரே சுபிசரெத்தா 1976ல் 'சுபி' ஏஜென்சியை ஆரம்பித்தார். ஃபோர்ட் மாதிரியான நிறுவனங்கள் ஸ்பானிய மொழி வாடிக்கையாளரைத் தேடி அவரிடம் வந்தன. 2007ல் அவர் இறந்த பிறகு மகனும் மகளும் அதை நடத்தினார்கள். நியூயார்க்கில் பிராவோ குரூப் என்ற பெரிய ஹிஸ்பானிக் ஏஜென்சிக்குத் தலைமை வகித்த டெய்சி எக்ஸ்போசித்தோ-உல்லா, பிறகு தன் பெயரிலேயே ஒன்றைத் தொடங்கினார். கலிபோர்னியாவில் அனிதா சாந்தியாகோ. இவரைப் பற்றி அடுத்த கேள்வியில் விரிவாக வருகிறது.

அண்மைக் காலத்தவர்களில் அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்லில் பிராண்டைக் கவனித்த மரீசா சொலிஸ், ஐ.பி.எம்மில் நெடுங்காலம் இருந்துவிட்டு அதிலிருந்து பிரிந்த கிண்ட்ரில் நிறுவனத்தின் மார்க்கெட்டிங் தலைவரான மரியா வைனன்ஸ் என்று பட்டியல் நீளும்.

அந்தப் பால் விளம்பரக் கதை என்ன? எல்லா வகுப்பிலும் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள், ஆனால் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

1993ல் கலிபோர்னியா பால் பதப்படுத்துவோர் வாரியம் ஒரு விளம்பரத் தொடரை ஆரம்பித்தது. 'காட் மில்க்?' என்று இரண்டே சொல். 'பால் இருக்கா?' என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் விளம்பரத்தில் ஒருவன் வாய் நிறைய வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியை அடைத்துக்கொண்டிருக்கிறான். ரேடியோவிலிருந்து போன் வருகிறது, கேள்விக்குப் பதில் சொன்னால் 10,000 டாலர் பரிசு. அலெக்சாண்டர் ஹாமில்டனைச் சுட்டது யார் என்பது கேள்வி. அவன் வீடு முழுக்க அந்தத் துப்பாக்கிச் சண்டை சம்பந்தப்பட்ட பொருட்கள்தான், அவனுக்குத் தெரியாத விஷயமே இல்லை. ஆனால் வாய் திறக்க முடியவில்லை. பால் பெட்டியைக் கவிழ்த்தால் காலி. பரிசு போயிற்று. பால் நல்லது, எலும்புக்கு பலம் என்று வருஷக்கணக்காகச் சொல்லி எடுபடாமல் போனதால், 'இல்லாதபோதுதான் அருமை தெரியும்' என்று திருப்பிப் போட்ட யோசனை இது. அமெரிக்காவே சிரித்தது.

சரி, இதையே ஸ்பானிஷில் போட்டால்? நேரடியாக மொழிபெயர்த்தால் '¿தியேனெஸ் லேச்சே?' என்று வரும். ஒரு பெண்ணைப் பார்த்து இதைக் கேட்டால், உனக்குப் பால் சுரக்கிறதா என்று கேட்ட மாதிரி ஆகிவிடும். வகுப்பில் இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

விஷயம் இதற்கப்புறம்தான் இருக்கிறது. வெனிசுவேலாவில் பிறந்த அனிதா சாந்தியாகோவின் ஏஜென்சியை வாரியம் அமர்த்தியபோது, சொல்லை மாற்றினால் போதும் என்று அவர் விடவில்லை. அந்த நகைச்சுவையே எங்கள் வீட்டில் செல்லாது என்றார். மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு தாய்க்கோ பாட்டிக்கோ, வீட்டில் பால் தீர்ந்துபோவது சிரிக்கிற விஷயமில்லை. பிள்ளைக்கு இல்லையென்று கையை விரிப்பது மானப் பிரச்சினை. காலிப் பெட்டியைக் காட்டினால், 'நீ குடும்பத்தைக் கவனிக்கவில்லை' என்று அவள் முகத்தில் அடித்த மாதிரி.

அதனால் அவர் தொடரையே தலைகீழாக்கினார். காலிப் பெட்டி போய், அடுப்படியில் ஒரு பாட்டி வந்தாள். முட்டையும் பாலும் சேர்த்து ஃப்ளான் என்ற இனிப்பு செய்கிறாள், அர்ரோஸ் கோன் லேச்சே கிண்டுகிறாள். அர்ரோஸ் கோன் லேச்சே வேறொன்றுமில்லை, அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, சர்க்கரையும் பட்டையும் போட்டது. நம் பால் பாயசத்துக்குப் பங்காளி முறை. தலைப்பு, 'குடும்பம், அன்பு, பால்.' கடைசியில் தாயைப் பார்த்து ஒரு கேள்வி: 'நீங்கள் இன்று அவர்களுக்குப் போதுமான பால் கொடுத்தீர்களா?' கேட்பது மரியாதை விகுதியில். உஸ்தெத் என்பது நம் 'நீங்கள்' மாதிரி. ஆங்கிலத்தில் இருந்த குறும்பு இதில் இல்லை, வேண்டியதும் இல்லை.

இதில் நான் பார்ப்பது ஒன்றுதான். சாந்தியாகோவுக்கு ஸ்பானிஷ் தெரியும் என்பதற்காக அவரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் வேலைக்கு ஆனது வேறொரு அறிவு. ஒரு சமையலறையில் எது சிரிப்பு, எது அவமானம் என்பது தெரிந்திருந்தது. அதை வைத்து, ஊரே கொண்டாடும் ஒரு விளம்பரத்தைப் பார்த்து 'இது இங்கே வேண்டாம்' என்று சொல்லவும் முடிந்தது.

ஷெவர்லே நோவா கதையும் இதே வகைதானே?

இல்லை, அது கட்டுக்கதை. 'நோ வா' என்றால் ஸ்பானிஷில் 'போகாது' என்று அர்த்தமாம், அதனால் அந்தக் கார் லத்தீன் அமெரிக்காவில் விற்கவில்லையாம். மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் கார் நன்றாகவே விற்றது. மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனம் நோவா என்ற பெயரிலேயே பெட்ரோலும் விற்றது. ஆனாலும் இந்தக் கதை இன்னும் மார்க்கெட்டிங் புத்தகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. நேர்முகத் தேர்வில் இதை உதாரணமாகச் சொல்லிவிடாதீர்கள்.

இந்தப் பெண்கள் பொதுவாக எந்த மதிப்பீடுகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்?

மேடையில் கேட்டால் குடும்பம், உழைப்பு, நன்றி என்று வரும். பொய்யில்லை. ஆனால் அதே குடும்பம்தான் வேறு சில வாசகங்களையும் சொல்லி வளர்த்தது. ஒன்று, 'கயாதீத்தா தே வேஸ் மாஸ் போனீத்தா': வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் நீ அழகு. இன்னொன்று 'எல் கே திரான்', அதாவது நாலு பேர் என்ன சொல்வார்கள். இதற்கு நான் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

ஆகவே இவர்களுடைய மதிப்பீடு என்பது வீட்டில் கொடுத்ததை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தது இல்லை. எதை வைத்துக்கொள்வது, எதை வாசலில் விடுவது என்று பொறுக்கி எடுத்தது. அடுப்படி அறிவை வைத்துக்கொண்டார்கள், அடுப்படி அடக்கத்தை விட்டார்கள். சொல்ல எளிது. அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் தப்பாகச் சொல்லும்போது, 'பெரியவங்க பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதே' என்று வளர்ந்த பெண்ணுக்கு நாக்கு எழாது. அதற்கு ஒரு வழி உண்டு. எதிர்த்துப் பேசுவதாக நினைக்காமல், இல்லாத வாடிக்கையாளருக்காகப் பேசுவதாக நினைத்துக்கொள்வது. 'நீங்கள் சொல்வது தப்பு' என்பதை விட 'இதை கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் ஒரு பாட்டி பார்த்தால் டிவியை அணைத்துவிடுவாள்' என்பது வாயில் சுலபமாக வரும். வேலையும் நடக்கும்.

எனக்கு ஸ்பானிஷ் தெரியும் என்பதால் எல்லா மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுகிறது. மறுத்தால் தப்பாக நினைப்பார்கள். என்ன செய்வது?

லத்தீனா பெண்களிடமிருந்து அதிகம் வரும் புகார் இது. எனக்கும் மிக நெருக்கமான புகார்.

இது அலுவலகத்தில் ஆரம்பித்த பழக்கம் இல்லை. குடியேறிய குடும்பங்களில் பத்து வயதுப் பெண் குழந்தை கரண்ட் பில்லை அப்பாவுக்குப் படித்துச் சொல்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதை அம்மாவுக்கு மாற்றிச் சொல்கிறது, வங்கிக்குப் போன் போட்டு அம்மா குரலில் பேசுகிறது. யாரும் நன்றி சொல்வதில்லை, அது வீட்டு வேலை. அந்தப் பெண் வளர்ந்து மார்க்கெட்டிங் உதவியாளராகச் சேர்ந்ததும் பக்கத்து மேஜையிலிருந்து குரல் வருகிறது, 'இந்த ஒரு வரியை மட்டும் ஸ்பானிஷில் பார்த்துத் தர முடியுமா, அஞ்சு நிமிஷம்தான்.' பத்து வயதிலிருந்து பழகிய கை தானாக நீளுகிறது. அந்த ஒரு வரி ஆறு மாசத்தில் இரண்டு இணையதளம், நாலு வாடிக்கையாளர் கடிதம், ஒரு ரேடியோ விளம்பரம் என்று ஆகிவிடும். ஆண்டு மதிப்பீட்டில் இது எதுவும் வராது. 'சொந்த வேலையில் கொஞ்சம் பின்தங்குகிறார்' என்று வேண்டுமானால் வரும்.

எனக்கு நடந்ததும் ஏறத்தாழ இதுதான். ஒரு பற்பசை விளம்பரத்துக்கு வந்த இந்தி வாசகம் தமிழ் வீட்டில் எவருமே பேசாத பேச்சு. மாற்றி எழுதி அனுப்பினேன். 'நல்லா இருக்கு, ஆனா உதடு ஒத்துப்போகல' என்று திரும்பி வந்தது. படம் எடுப்பதற்கு முன்னாலேயே என்னைக் கூப்பிட்டிருந்தால் உதடும் ஒத்துப்போயிருக்கும். கூப்பிடவில்லை, ஏனென்றால் நான் இருந்தது மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில். முடிவு எடுக்கும் நாற்காலி வேறு அறையில் இருந்தது.

மறுப்பதைவிட விலை வைப்பது நல்லது. முதலில் ஒரு மாதம் எழுதி வையுங்கள்: தேதி, யார் கேட்டது, என்ன வேலை, எவ்வளவு நேரம். நாலு வாரத்தில் 22 மணி நேரம் என்று தாளில் இருந்தால், அதற்குப் பிறகு அது உதவி என்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் தாளோடு மேலதிகாரியிடம் போய் மூன்றில் ஒன்றைக் கேளுங்கள். இதை என் வேலை விவரத்தில் சேருங்கள், அல்லது வெளியே ஒரு மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கொடுங்கள், அல்லது ஆரம்பக் கூட்டத்திலேயே என்னை உட்கார வையுங்கள். மூன்றாவதுதான் உங்களுக்கு வேண்டியது. முதல் இரண்டும் அதற்கு வழி விடுவதற்காக.

இரண்டு மொழி தெரிந்ததற்குத் தனிப்படி கொடுப்பது அமெரிக்காவில் புதுசு இல்லை. பல ஊர்களில் போலீஸ்காரர்களுக்கும் நகராட்சி ஊழியர்களுக்கும் கொடுக்கிறார்கள். விளம்பரக் கம்பெனியில் கேட்டால் மட்டும் என்னவோ வானத்தைக் கேட்ட மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

சம்பளம் பேசவே கூச்சமாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கூச்சத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் வருடம் முழுக்க முழுநேர வேலை செய்யும் லத்தீனா பெண், ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளை ஆண் ஒரு டாலர் வாங்கும் இடத்தில் சுமார் 58 சென்ட் வாங்குகிறார். முந்தைய ஆண்டு அந்த ஆண் வாங்கிய தொகையை எட்டிப்பிடிக்க அவர் இந்த ஆண்டு அக்டோபர் வரை கூடுதலாக உழைக்க வேண்டும். அந்த நாளுக்கு 'லத்தீனா சமஊதிய நாள்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த இடைவெளி முழுவதும் கூச்சத்தால் வந்ததில்லை. தொழில் பிரிவு, படிப்பு, பாகுபாடு எல்லாம் சேர்ந்தது. 'நீ தைரியமாகக் கேட்டால் சரியாகிவிடும்' என்று சொல்லும் பேச்சாளர்கள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் கேட்காமல் இருந்தால் நிச்சயம் சரியாகாது.

தைரியத்தைவிடத் தகவல் உதவும். கொலராடோவில் 2021லிருந்து வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் என்று சட்டம். கலிபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் 2023 ஜனவரியிலிருந்து, நியூயார்க் மாநிலத்தில் அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து. கலிபோர்னியாவில் உங்கள் பழைய சம்பளம் எவ்வளவு என்று 2018லிருந்து கேட்கவே கூடாது. ஆக, உங்கள் இப்போதைய வேலைக்கு உங்கள் கம்பெனியே வெளியே என்ன வரம்பு போட்டிருக்கிறது என்று பாருங்கள். பல பேருக்கு அங்கேதான் முதல் அதிர்ச்சி.

பேசும்போது தொகையை வாய்விட்டுச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். 'எழுபத்தெட்டாயிரம் எதிர்பார்க்கிறேன்' என்றால் அவ்வளவுதான். பலரும் அடுத்த நொடியே 'ஆனா கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை' என்று தாங்களே இறக்கிவிடுவார்கள். அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும். எதிரில் இருப்பவருக்கும் சங்கடம்தான், அவர் பேசட்டும். வீட்டில் யாரையாவது எதிரில் உட்காரவைத்து நாலு தடவை பழகிப் பாருங்கள். முதல் தடவை சிரிப்பு வந்துவிடும்.

பெயரையும் உச்சரிப்பையும் மாற்றிக்கொள்ள வேண்டுமா?

ஸ்பானிய வழக்கில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள்: முதலில் அப்பாவுடையது, அடுத்தது அம்மாவுடையது. அமெரிக்கப் படிவத்தில் கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம்தான். அம்மா பெயரை அப்பா பெயர் என்று எடுத்துக்கொள்வார்கள், அல்லது அப்பா பெயரை நடுப்பெயர் ஆக்கிவிடுவார்கள். சிலர் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டையும் காப்பாற்றுகிறார்கள். நம்மில் இனிஷியல் வைத்துக்கொண்டு விசா படிவம் நிரப்பியவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும்.

பெயரை மாற்றாதீர்கள் என்று சட்டம் போட நான் யார்? ஆனால் ஒன்று: முதல் நாளே எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மூன்றாவது மாதம் திருத்தினால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். உச்சரிப்பைப் பற்றிக் கேட்டால், புரிகிற மாதிரி நிதானமாகப் பேசினால் போதும். மாற்ற முயன்று அரைகுறையாக நிற்பதுதான் காதுக்கு உறுத்தல்.

வேறு ஊருக்கு வேலைக்குப் போக வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை.

கல்யாணம் ஆகும்வரை பெண் வீட்டில்தான் என்பது பல லத்தீனோ குடும்பங்களிலும் இருக்கிறது. பாசமும் இருக்கிறது, கண்காணிப்பும் இருக்கிறது, இரண்டையும் தனியாகப் பிரிக்க முடியாது. இதற்குப் பொதுவான பதில் என்னிடம் இல்லை. பார்த்ததில் பயன்பட்டது ஒன்றுதான்: அம்மாவுக்கு அந்த வேலை என்னவென்று தெரியவைத்தது. 'பிராண்ட் மேலாளர்' என்றால் அம்மாவுக்கு ஒன்றும் புரியாது. கடைக்குக் கூட்டிப்போய் அலமாரியில் இருக்கும் சோளமாவுப் பொட்டலத்தைக் காட்டி, 'இதை எந்தத் தட்டில் வைக்கணும், என்ன விலை போடணும், மேலே என்ன படம் வரணும்னு முடிவு பண்றது என் வேலை' என்றால் புரியும். அதோடு அந்தப் படத்தில் என்ன தப்பு என்று அம்மா ஒரு கருத்தும் சொல்வார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வழிகாட்டி எங்கே கிடைப்பார்?

'கோமாத்ரே' என்று ஸ்பானிஷில் ஒரு சொல் உண்டு. குழந்தைக்கு ஞானஸ்நானத் தாயாக நிற்பவளும் பெற்ற தாயும் ஒருவருக்கொருவர் கோமாத்ரே. நாளடைவில் எதையும் மறைக்காமல் பேசும் தோழிக்கும் அதே பெயர் ஆகிவிட்டது. சம்பளம் எவ்வளவு என்று உண்மையைச் சொல்ல, 'அந்த மேலதிகாரியிடம் ஜாக்கிரதை' என்று காதில் போட, கோமாத்ரே வேண்டும். ஆனால் கோமாத்ரேயால் உங்களுக்குப் பதவி உயர்வு வாங்கித் தர முடியாது. அதற்கு, நீங்கள் இல்லாத அறையில் உங்கள் பெயரைச் சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும். அவர் உங்கள் இனமாகவோ பெண்ணாகவோ இருக்க வேண்டியதில்லை. உங்கள் வேலையை நேரில் பார்த்தவராக இருந்தால் போதும். பலர் முதல் வகையை நிறைய சேர்த்து வைத்துக்கொண்டு இரண்டாவது ஏன் நடக்கவில்லை என்று யோசிக்கிறார்கள்.

அமைப்புகள் என்று பார்த்தால், 1972ல் லாஸ் ஏஞ்சலஸில் கணக்காளர்கள் தொடங்கிய அல்ஃபா இப்போது எல்லாத் துறை லத்தீனோக்களுக்கும் திறந்திருக்கிறது. கல்லூரிச் செலவுக்கு 1975லிருந்து ஹிஸ்பானிக் ஸ்காலர்ஷிப் ஃபண்ட் உதவுகிறது.

லத்தீனா என்றால் லத்தீனோ சந்தையில்தான் வேலை செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. கிண்ட்ரிலில் மரியா வைனன்ஸ் கவனித்தது கம்பெனிகளுக்குக் கணினிக் கட்டமைப்பு விற்கும் தொழில், பாட்டிக்கும் பாலுக்கும் அதில் வேலை இல்லை. இன்னொரு பக்கம், கலாசாரச் சந்தைப் பிரிவிலேயே சிக்கிக்கொண்டு மையத்துக்கு வரவே முடியாமல் போனவர்களும் உண்டு. பட்ஜெட் வெட்டு வந்தால் முதலில் போவதும் அந்தப் பிரிவுதான்.

அந்தப் பிரிவில் கற்றதைக் கொண்டுபோய் நட்ட நடு மேடையில் வைப்பதும் நடக்கிறது. 2023 பிப்ரவரியில், சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்தின்போது, மரீசா சொலிஸ் பிராண்டைக் கவனித்த என்.எஃப்.எல்லே ஒரு விளம்பரம் போட்டது. அதில் மெக்சிகோ பெண்கள் ஃபிளாக் கால்பந்து அணியின் தலைவி டயானா ஃப்ளோரெஸ். இந்த ஆட்டத்தில் இடித்துத் தள்ளுவது கிடையாது, பந்தோடு ஓடுபவரின் இடுப்பில் தொங்கும் கொடியைப் பிடுங்கினால் அந்த ஓட்டம் அங்கேயே முடிந்தது. டிவி பேட்டியில் உட்கார்ந்திருக்கும் டயானாவின் கொடியைப் பேட்டி எடுப்பவரே பிடுங்கப் பார்க்கிறார். அவர் நழுவி ஓட, வழியெல்லாம் ஆட்கள் துரத்துகிறார்கள், ஒருவர் கையிலும் சிக்கவில்லை. அமெரிக்காவே பார்க்கும் நேரத்தில் கதாநாயகி மெக்சிகோக்காரி, அவர் மெக்சிகோக்காரி என்பதை யாரும் உட்காரவைத்து விளக்கவில்லை. பாட்டி விளம்பரம் ஒரு வீட்டுக்குள் பேசியது. இது தெருவில் இறங்கி ஓடுகிறது.

எல்லா லத்தீனோ விளம்பரத்திலும் ஒரே பாட்டி, ஒரே சமையலறை, ஒரே பெரிய குடும்பம். இதுவும் ஒரு முத்திரை குத்தல்தானே?

ஆமாம். நியாயமான குற்றச்சாட்டு. சாந்தியாகோவின் பாட்டி முதலில் வந்தபோது அவள் ஒரு கண்டுபிடிப்பு. பின்னால் வந்தவர்கள் சோம்பேறித்தனத்துக்கு அவளைப் பிடித்துக்கொண்டார்கள். எந்த நாட்டுச் சாயலும் இல்லாத ஒரு 'பொது ஸ்பானிஷ்' பேசும், ஏறக்குறைய ஒரே நிறமுள்ள குடும்பங்கள் திரையை நிரப்பின. கறுப்பின லத்தீனாக்கள் எங்கே, பழங்குடிச் சாயல் கொண்டவர்கள் எங்கே என்ற கேள்விக்கு ஏஜென்சிகள் நெடுநாள் பதில் வைத்திருக்கவில்லை. அமெரிக்காவிலேயே பிறந்து ஆங்கிலத்தில் யோசிக்கும் தலைமுறையும் அந்தச் சமையலறையில் இல்லை.

அதே பால் வாரியம் 2002ல் செய்தது இங்கே நினைவுக்கு வருகிறது. லயோரோனா என்பது மெக்சிகோவில் பிள்ளைகளைப் பயமுறுத்தச் சொல்லும் பேய்க்கதை: தன் குழந்தைகளைத் தண்ணீரில் மூழ்கடித்துவிட்டு இரவெல்லாம் அழுதபடி அலையும் பெண். பாசடீனாவின் ஆர்ட் சென்டர் கல்லூரி மாணவர்கள் உருவாக்கிய விளம்பரத்தில், அவள் அழுதுகொண்டே ஒரு வீட்டுக்குள் மிதந்து வந்து குளிர்பெட்டியைத் திறக்கிறாள். பால் பெட்டி காலி. மறுபடி அழுகை. ஸ்பானிஷிலேயே எடுத்து ஆங்கிலச் சேனல்களிலும் ஓட்டினார்கள். தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு, தெரியாதவர்களுக்கு 'யாருடா இது' என்ற ஆர்வம். எட்டொன்பது வருஷத்துக்கு முன் 'எங்கள் வீட்டில் செல்லாது' என்று சொன்ன அதே காலிப் பெட்டி இப்போது செல்லுபடியானது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீடு மாறிவிட்டது. நாலு வருஷத்துக்கு ஒரு தடவையாவது வீட்டைப் புதிதாகப் போய்ப் பார்க்காத மார்க்கெட்டிங்காரருக்கு இது தெரியாது.

நான் சொன்ன யோசனையை வேறொருவர் தன்னுடையதாகச் சொல்லிவிட்டார். சண்டை போடலாமா?

சண்டைக்கு முன்னால் காகிதம். கூட்டம் முடிந்த அன்றே, 'இன்று நான் முன்வைத்த யோசனையின் சுருக்கம் இது' என்று எல்லோருக்கும் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சண்டைக்கே அவசியம் வராமல் போகலாம்.

பெரிய மனுஷிகளுக்கும் இது நடந்திருக்கிறது. 'ஸீ ஸே புவேதே' என்பது பண்ணைத் தொழிலாளர் இயக்கத்தின் கோஷம், 'முடியும்' என்று அர்த்தம். 1972ல் அரிசோனாவில் இயக்கத் தலைவர் சேசர் சாவேஸ் உண்ணாவிரதம் இருந்தபோது, இங்கே எதுவும் முடியாது என்று சொன்னவர்களுக்குப் பதிலாக அதைச் சொன்னவர், அவரோடு இயக்கத்தை நடத்திய டொலோரஸ் உவெர்தா. சந்தைப்படுத்தல் கண்ணால் பார்த்தால் அந்த நூற்றாண்டின் மிகச்சிறந்த வாசகங்களில் ஒன்று. பல வருஷம் அது சாவேஸ் பெயரில்தான் ஓடியது. 2008ல் ஒபாமாவின் தேர்தல் கோஷமாக ஆங்கிலத்தில் திரும்பி வந்தது. 2012ல் வெள்ளை மாளிகையில் உவெர்தாவுக்கு நாட்டின் உயரிய குடிமக்கள் பதக்கத்தை அணிவித்த ஒபாமா, அவருடைய கோஷத்தைத் திருடியதைத் தானே ஒப்புக்கொண்டார், அவர் தன்னை லேசாக விட்டுவிட்டதாகவும் சொன்னார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். உவெர்தாவுக்கு அப்போது 82 வயது.